கலங்கின பூல் தண்ணிக்கு எது சரி: மணலா, கார்ட்ரிட்ஜா, டிஈயா?

பூல் தண்ணி பால் ஊத்தின மாதிரி வெளுத்து தரையே தெரியாம கெடக்கும்போது எல்லாரும் மொதல்ல ஃபில்டரதான் திட்டுவாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன். மூணு வகையையும் வச்சு மல்லுக்கட்டினதுக்கு அப்புறம்தான் எது எங்க உதவும், எங்க கைய விரிக்கும்னு புரிஞ்சுது. ஒண்ணு மொதல்லயே சொல்லிடுறேன், தரையில இருக்குற ட்ரெயின் மூடி கண்ணுக்கு தெரியலன்னா யாரையும் தண்ணியில எறங்க விடாதீங்க, உள்ள ஒருத்தர் மூழ்கினா கூட மேல இருந்து தெரியாது.

ஃபில்டர தொடுறதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி டம்ளர்ல பூல் தண்ணிய மொண்டு வெளிச்சத்துல வச்சு பாருங்க. கொஞ்ச நேரத்துல அடியில இருந்து மேல மேல தெளிஞ்சுட்டே வந்தா அது அழுக்கு இல்ல, காத்துக் குமிழி, பம்புக்கு முன்னாடி எங்கயோ காத்து இழுக்குது. அப்படியே மங்கலாவே நின்னா குளோரினையும் பிஹெச்சையும் செக் பண்ணுங்க. குளோரின் பத்தாம பாசி உயிரோட இருந்தா எந்த ஃபில்டர் வச்சும் பிரயோஜனம் இல்ல, நீங்க வடிகட்ட வடிகட்ட அது பெருகிட்டே இருக்கும்.

இப்ப ஃபில்டருக்கு வர்றேன். மணல் ஃபில்டர் சுமாரா 20-40 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரைக்கும் பிடிக்கும், மடிப்பு மடிப்பா துணி வச்ச கார்ட்ரிட்ஜ் 10-20, டிஈ, அதாவது கிரிட்ங்கற சட்டத்து துணி மேல டயட்டமேஷியஸ் எர்த்ங்கற பவுடர் படிய வச்சு வடிகட்டுறது, 3-5. இந்த நம்பர மட்டும் பாத்தா டிஈதான் ராஜா, உண்மையிலயும் குளோரின் சரியா இருந்தா மூணுல சீக்கிரமா தெளிய வைக்கிறது அதுதான். ஆனா ஒவ்வொரு தடவ பேக்வாஷ் (தண்ணிய தலைகீழா ஓட விட்டு ஃபில்டர கழுவுறது) பண்ணதும் பவுடர் வெளிய போயிடும், திரும்ப அளந்து தண்ணியில கரைச்சு பம்ப் ஓடும்போதே ஸ்கிம்மர் (பூல் ஓரத்துல மேல் தண்ணிய உறிஞ்சுற வாய்) வழியா விடணும். பவுடர் போடாம ஓட்டினா அழுக்கு நேரா கிரிட் துணியில அப்பி அடைச்சுக்கும். அந்த பவுடர் மூச்சுல போகக்கூடாது, மாஸ்க் போடாம பைய பிரிக்காதீங்க. தண்ணி திரும்ப பூலுக்குள்ள வர்ற வாய்ல வெள்ளையா தூள் வந்தா உள்ள எங்கயோ கிரிட் கிழிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்.

கார்ட்ரிட்ஜ்ல பேக்வாஷே கெடையாது, அதனால தண்ணி மிச்சம், சாதாரண நாள்ல ரொம்ப நிம்மதி. ஆனா பாசி செத்து மொத்தமா கலங்கின நேரத்துல சில மணி நேரத்துலயே அடைச்சுக்கும், பம்ப ஆஃப் பண்ணி, தொட்டிய திறந்து, ஒவ்வொரு மடிப்பா ஹோஸ் வச்சு மேல இருந்து கீழ கழுவணும், அதுவும் ஒரே நாள்ல ரெண்டு மூணு தடவ. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், துணி நாரு நாரா போயிடும். சன்ஸ்கிரீன், எண்ணெய் பிசுக்கு இருந்தா மொதல்ல பிசுக்கு எடுக்குற க்ளீனர்ல ராத்திரி பூரா ஊற வைங்க, எடுத்தவுடனே ஆசிட் போட்டா பிசுக்கு உள்ளயே இறுகிடும்.

என் ஓட்டு மணலுக்குத்தான். மெதுவாதான் தெளியும், நாள் கணக்காகும், 24 மணி நேரமும் ஓட விடணும், ஆனா அடைச்சா மூணு நிமிஷ பேக்வாஷ், அரை நிமிஷம் ரின்ஸ், வேலை முடிஞ்சுது. இங்கதான் நான் பெரிய தப்பு பண்ணேன், கலங்கலா இருக்கேன்னு தெனமும் பேக்வாஷ் பண்ணிட்டே இருந்தேன், ஒரு வாரமாகியும் தண்ணி அப்படியே கெடந்துச்சு. மணல்ல கொஞ்சம் அழுக்கு சேந்தாதான் இடுக்கெல்லாம் சுருங்கி பொடி அழுக்க பிடிக்கும், நான் அத தெனம் கழுவி விட்டுட்டு இருந்திருக்கேன். பிரஷர் கேஜ் சுத்தமா இருந்தப்ப காட்டினத விட 8-10 பிஎஸ்ஐ ஏறினா மட்டும் பேக்வாஷ் பண்ணுங்க, வால்வுல இருக்குற சின்ன கண்ணாடியில தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் விடுங்க. வால்வு கைப்பிடிய திருப்புறதுக்கு முன்னாடி பம்ப் கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும், இல்லன்னா உள்ள இருக்குற கேஸ்கெட் போயி அழுக்கு தண்ணி வடிகட்டாமலே பூலுக்கு திரும்பும்.

மணல் ஃபில்டர்ல இன்னொரு வசதி, கொஞ்சமா டிஈ பவுடர கரைச்சு ஸ்கிம்மர்ல விட்டு பிரஷர் 1 பிஎஸ்ஐ ஏறினதும் நிறுத்திட்டா அதுவே பொடி அழுக்கையும் பிடிக்க ஆரம்பிச்சுடும். பொடி அழுக்க ஒண்ணா சேக்குற கிளாரிஃபையர் மருந்தும் இதோட ஒத்துப்போகும், ஆனா அளவு தாண்டினா அதுவே கலக்கிடும். ஃப்ளாக், அதாவது அழுக்க கட்டியாக்கி அடியில படிய வைக்கிற மருந்து, போடுறதா இருந்தா எல்லாம் அடியில படிஞ்சதும் வால்வ வேஸ்ட்ல (ஃபில்டருக்குள்ள போகாம தண்ணி வெளிய போற நிலை) வச்சு வெளியவே உறிஞ்சி எடுக்கணும், நிறைய கார்ட்ரிட்ஜ் செட்டப்ல வேஸ்ட் வழியே இருக்காது, அங்க ஃப்ளாக் போட்டா அந்த கொழகொழப்பு மொத்தமும் மடிப்புக்குள்ள போய் உக்காந்துக்கும்.

எத வச்சிருந்தாலும் சரி, நல்லா கழுவி ஓட விட்ட அன்னைக்கு கேஜ்ல இருக்குற நம்பர மார்க்கர்ல தொட்டி மேலயே எழுதி வைங்க, அந்த நம்பர் இல்லாம எப்ப கழுவணும்னு யாராலயும் சொல்ல முடியாது.