தவிட்டை நிறுத்தி 8 வருடம்: செவலைக்கு நாங்கள் போடும் தீனி

எங்கள் குதிரைக்குத் தவிடு வைப்பதை நிறுத்தி 8 வருடம் ஆகிறது. இந்தப் பக்கம் குதிரை வைத்திருக்கிறவர்கள் பார்க்கும்போதெல்லாம் தீனியைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்காக நடந்ததை முழுசாக எழுதிவைக்கிறேன்.

ஊர் மேலூருக்கும் திருவாதவூருக்கும் நடுவில். செவலையை 2015 ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் வாங்கினோம். அப்போது 4 வயது. கத்தியவார் கலப்பு, காது நுனி இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். அப்பா ஒரு காலத்தில் மேலூரில் குதிரை வண்டி ஓட்டியவர், அதனால் தீனி அவர் பொறுப்பு. காலையிலும் மாலையிலும் நெல் தவிடும் கோதுமைத் தவிடும் பிசைந்து ஒரு சட்டி, அவித்த கொள்ளு, ராத்திரிக்கு வைக்கோல். பச்சைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மாட்டுக்கு வளர்த்த கோ-4 புல். இரண்டு வருடம் குதிரை தளதளவென்று இருந்தது.

2017-ல் நடை மாறியது. ஒரு வாரம் முன்னங்காலை நொண்டினாள், அடுத்த வாரம் பின்னங்காலை. லாடத்தைக் கழற்றி மாட்டினோம். முதலில் பார்த்தவர் வலிக்கு ஊசி போட்டார்; நான்கு நாள் நன்றாக நடப்பாள், திரும்பவும் அதேதான். ஒரு நாள் முகத்தைத் துடைத்துவிடும்போது கண்ணுக்குக் கீழே, கடைவாய்ப் பல்வரிசைக்கு மேலே, எலும்பு மேடிட்டிருந்தது கையில் தட்டுப்பட்டது. மறுபக்கமும் அப்படியே. அன்று லாயத்துத் தரையில் பார்த்தால், பாதி மென்று துப்பிய புல் எலுமிச்சை அளவு உருண்டைகளாகக் கிடந்தது.

அடுத்து வந்த மருத்துவர் காலைத் தொடவே இல்லை. தாடையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி தீனி போடுறீங்க?" என்றார். சொன்னேன். "முதல்ல அந்தத் தவிட்டை நிறுத்துங்க" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். குதிரைத் தீனியில் பாஸ்பரஸ் அளவுக்காவது சுண்ணாம்புச்சத்து இருக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. தவிட்டில் தலைகீழ், பாஸ்பரஸ் ஏறக்குறைய 10 மடங்கு அதிகம். ரத்தத்தில் குறைகிற சுண்ணாம்பை உடம்பு எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எலும்பு போன இடத்தில் நார்த்திசு வளர்வதால் முகம் வீங்குகிறது, மூட்டு வலிக்கிறது, பல் ஆட்டம் காண்கிறது. மாவு மில் குதிரைகளுக்குத் தவிடு தின்று தின்றே இது வந்ததால், வெளிநாட்டில் 'மில்காரர் நோய்' என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு.

கோ-4 புல்லும் சேர்ந்து கெடுத்திருந்தது. நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டுக்கு முதல் வயிற்றிலேயே நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடுவதால் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. குதிரைக்கு அந்த நுண்ணுயிர்கள் பெருங்குடலில்தான் இருக்கின்றன. சுண்ணாம்பு உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னால், சிறுகுடலில். நம் கரட்டுப் பக்கம் தானாக முளைக்கும் கொழுக்கட்டைப் புல்லும் இதே ரகம் என்று அவர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைத்தான் சத்தான புல் என்று தேடித் தேடி அறுத்துவந்தேன்.

அப்பாவைச் சம்மதிக்க வைப்பது பெரும்பாடாகிவிட்டது. "தவிடு இல்லாம குதிரை எப்பிடிடா நிக்கும்?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே அரிவாளோடு வரப்புக்குப் போய் அருகம்புல் அறுத்துவந்தார்.

தவிட்டை ஒரே நாளில் நிறுத்தவில்லை. எந்தத் தீனியை மாற்றினாலும் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும். பெருங்குடல் நுண்ணுயிர்கள் பழக அவ்வளவு நாள் தேவை. மருத்துவர் சொன்ன அளவில் சுண்ணாம்புக்கல் மாவையும் சேர்த்தோம். ஆறு மாதத்தில் நொண்டல் போய்விட்டது. முகத்து மேடு கொஞ்சம் அமுங்கியது, முழுதாக மறையவில்லை.

இன்று செவலை 300 கிலோ. தராசு கிடையாது, டேப்தான். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு தோள் முனையிலிருந்து பின்பக்கம் வரையான நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை வந்துவிடும், அளவெல்லாம் சென்டிமீட்டரில். எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்த கணக்கில், அதாவது பச்சையில் இருக்கும் ஈரத்தைக் கழித்து, தீனி போக வேண்டும், அதில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். அவளுக்குக் காய்ந்த அருகம்புல் 4 கிலோ, பச்சை அருகு 8 கிலோ, குதிரை மசால் என்கிற தீவனச் செடி 2 கிலோ, ஊறவைத்து அவித்த கொள்ளு அரைக் கிலோ, ஒரு கைக்குள் அடங்கும் கல்லுப்பு, கொஞ்சம் தாது உப்புக் கலவை. குதிரை மசாலில் சுண்ணாம்புச்சத்து நிறைய. பெயரிலேயே குதிரை இருந்தும் நாங்கள் அதைத் திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.

புல்லை ஐந்து வேளையாகப் பிரித்துவிடுவோம். குதிரைக்கு வயிறு சின்னது, ஆனால் அமிலம் நாள் முழுக்கச் சுரக்கும். மெல்லும்போது ஊறும் எச்சில்தான் அதை ஆற்றும். அதனால் ராத்திரிக்குக் கடைசி வேளையைச் சின்னக் கண்ணுள்ள வலைப்பையில் கட்டித் தொங்கவிடுகிறேன், கால் மாட்டாத உயரத்தில். கொஞ்சம் கொஞ்சமாக உருவித் தின்பதால் விடிகிறவரை வாய் அசைந்துகொண்டிருக்கும். முன்பு கட்டையைக் கடிக்கிற பழக்கம் இருந்தது. அது பெரும்பாலும் நின்றுவிட்டது.

செலவு அப்படியொன்றும் கூடவில்லை. தவிட்டுக்குப் போன காசு இப்போது புல் அறுக்கிற கூலிக்குப் போகிறது. வேலைதான் கூடிவிட்டது. மேலூர்ப் பக்கம் ஒருபோகப் பாசனம், பெரியாறு கால்வாயில் தண்ணீர் இருக்கும் வரைதான் வரப்பில் பச்சை. தை, மாசியில் அறுத்துக் காயவைத்து அடுக்காவிட்டால் சித்திரை வெயிலில் கையேந்த வேண்டியதுதான். ஐப்பசி மழையில் அடுக்கில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால் அந்தக் கட்டுப் புல்லை அப்படியே குப்பைக்குப் போட்டுவிடுவேன். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே போனது போனதுதான். குதிரை மசாலுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். கிணறு வற்றிய ஒரு வருடம் மொத்தமும் கருகிவிட்டது.

ஒரு முறை தப்பும் நடந்தது. 2020 மாட்டுப்பொங்கலன்று தெருவே பிரியமாகச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டியிருக்கிறது, எனக்குத் தெரியாது. சாயங்காலம் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், தரையைக் காலால் பறித்தாள், வேர்த்துக் கொட்டியது. விலாவில் காதை வைத்தேன். எப்போதும் கடமுடவென்று ஓடுகிற சத்தம் இல்லவே இல்லை. மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் இறக்கினார். பின்னிரவில் லத்தி போட்டாள். நானும் அப்பாவும் அந்த லத்தியைப் பார்த்து அழுதுவிட்டோம்.

பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே கப்பலில் இறக்கிய குதிரைகளுக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் போட்டார்கள், குதிரைகள் செத்துப்போயின என்று எழுதிவைத்திருக்கிறார். மாணிக்கவாசகர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, குதிரை வாங்கக் கொட்டிக்கொடுத்த மன்னர்களைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவன் நான். அந்தக் குதிரைகளை நினைத்தால் மனசு கனத்துவிடுகிறது.

இன்னும் ஒன்று, மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் குதிரை வாய்க்கு எட்டவே கூடாது. அவற்றில் சிலவற்றில் மோனென்சின் என்ற மருந்தைக் கலப்பார்கள். மாடு தாங்குகிற அளவில் ஒரு சிறு பங்கே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும்.

செவலைக்கு இப்போது 14 வயது. வருடம் ஒரு தடவை மருத்துவர் வந்து பல்லின் கூர் முனைகளை அரத்தால் ராவிவிடுகிறார். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். இந்தக் கோடையிலிருந்து காய்ந்த புல்லை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் போட ஆரம்பித்திருக்கிறோம். அப்பாதான் வாளியில் அமுக்கி வைக்கிறார், மேலே ஒரு கல்லும் வைத்து.