சாளைக்கு வள்ளமா, கேரைக்கு ஆழ்கடலா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் பக்கம் கடல் தொழிலுக்கு இரண்டு வழி. வள்ளத்தில், அதாவது சிறு படகில் போய் அன்றே திரும்புவது ஒன்று, விசைப்படகில் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குவது இன்னொன்று.

வள்ளத்தின் வரும்படி பெரும்பாலும் சாளையை, அதாவது மத்தி மீனை நம்பியது. சாளையோ கடல்நீரின் குணத்தை நம்பியது. பருவமழைக் காலத்தில் குளிர்ந்த, சத்துள்ள நீர் அடியிலிருந்து மேலே வந்தால் நுண்பாசி பெருகும், சாளையும் பெருகும். கேரளக் கரையில் 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் கிடைத்தது. 2021-ல் சுமார் 3,300 டன்தான்! 2015-ன் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடாவது) தந்த வெப்பத்தையும், குஞ்சு மீனைக்கூட விடாமல் அள்ளியதையும் ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். அப்புறம் சாளை திரும்பி வந்தது, ஆனால் சிறுத்துப்போய். சிறிய மீனுக்கு என்ன விலை கிடைக்கும்?

ஆழ்கடல் படகுக்குச் சாளைக் கவலை இல்லை. தூத்தூர்க்காரர்கள் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள், கொச்சியில் இறக்கி விற்பார்கள். சரி, ஆனால் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்கு 2015-ல் தடை வந்துவிட்டது. மெதுவாக இனம்பெருகும் மீன் அது, தடை நியாயம்தான். இப்போது கேரையும் சூரையும் என்ற டூனா வகை மீன்கள்தான் கைகொடுக்க வேண்டும். டீசல், ஐஸ் எல்லாம் முன்பணம். ஆபத்தும் பெரிது: 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது, நடுக்கடலில் இருந்த பலருக்குச் சேதி எட்டவே இல்லை.

கடன் வாங்கித்தான் இறங்கணும் என்றால் நான் வள்ளத்தையே சொல்வேன். சாளை பொய்த்த வருஷமும் நெத்திலி, அயிலை (கானாங்கெளுத்தி) என்று எதையாவது பார்க்கலாம்.