அடிக்கடி விழும் கெர்னல்: நான்கு சாட்சிகளில் யாரை நம்புவது?

ஒரே மாதத்தில் மூன்று முறை தானாக விழுந்த லினக்ஸ் சர்வர் ஒன்றைப் பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஆதாரம் என்று இருந்தது கைபேசியில் எடுத்த ஒரு புகைப்படம் மட்டுமே. 25 வரிகள் கொண்ட அந்தத் திரையில் கெர்னல் பேனிக்கின், அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னல் மீள முடியாமல் நின்றுவிடும்போது காட்டும் செய்தியின், வால்பகுதிதான் எஞ்சியிருந்தது. எந்த முகவரியைத் தொட்டபோது பிழை எழுந்தது என்பதைச் சொல்லும் முதல் வரிகள் மேலே ஓடி மறைந்துவிட்டன. வட்டில் இருந்த பதிவுக் கோப்பிலும் ஒன்றுமில்லை, ஏனெனில் அதை எழுதும் நிரல் ஓடுவதற்கே கெர்னல் உயிரோடு இருந்தாக வேண்டும்.

இந்த இடைவெளியை நிரப்ப கேடம்ப், நெட்கன்சோல், சீரியல் கன்சோல், பிஸ்டோர் என நான்கு வழிகள் உள்ளன. எது அதிகத் தகவல் தருகிறது என்றுதான் பலரும் ஒப்பிடுகிறார்கள். கெர்னல் செத்த பிறகு எந்த உறுப்பு உயிரோடு இருப்பதை அந்த வழி நம்பியிருக்கிறது, நாம் சந்தேகிப்பதும் அதே உறுப்பைத்தானா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

தகவல் வளத்தில் கேடம்ப்புக்கு நிகரில்லை. 2005-இல் வந்த 2.6.13 பதிப்பிலிருந்து கெர்னலில் இருக்கும் இது, சர்வர் தொடங்கும்போதே 256 எம்.பி. போன்றதொரு நினைவகப் பகுதியை ஒதுக்கி, இரண்டாவது கெர்னல் ஒன்றை அதில் ஏற்றி வைக்கிறது. பேனிக் நேர்ந்ததும் கட்டுப்பாடு, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸைத் தொடாமல் நேரே அந்தக் கெர்னலுக்குத் தாவ, அது இறந்த கெர்னலின் நினைவகத்தை 'டம்ப்' என்னும் கோப்பாக எடுத்து வைக்கிறது. பிறகு 'கிராஷ்' கருவியில் அதைத் திறந்தால், விழுந்த கணத்தில் எந்தச் செயல்முறை எந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது என்பதுவரை தேடிப் பார்க்கலாம். அதே கெர்னல் பதிப்பின் பிழைத்திருத்தத் தகவல் தொகுப்பு மட்டும் கைவசம் இருக்க வேண்டும். ஆனால் நினைவகத்தை ஒதுக்க ஒருமுறை மறுதொடக்கம் தேவை. வட்டுக் கட்டுப்படுத்தியே சந்தேகத்தில் இருந்தால், அதே வட்டில் டம்ப்பை எழுதச் சொல்வது வீண், எஸ்.எஸ்.ஹெச். வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். டம்ப்பில் கடவுச்சொற்களும் சாவிகளும் சிக்கியிருக்கக்கூடும் என்பதால், யாருக்கு அனுப்புகிறோம் என்பதிலும் கவனம் தேவை. எல்லாவற்றையும் அமைத்த பிறகு, பராமரிப்பு நேரத்தில், கெர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் சிஸ்ஆர்கியூ வழியாகச் சர்வரை வேண்டுமென்றே ஒருமுறை வீழ்த்திப் பார்க்காமல் கேடம்ப்பை நம்பக் கூடாது.

நெட்கன்சோல் தருவது வெறும் எழுத்துத்தான், ஆயினும் நான் முதலில் கை வைப்பது அதில்தான். அது ஒரு மாட்யூல், அதாவது கெர்னலோடு தேவையானபோது இணைக்கும் நிரல் துண்டு. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே ஏற்றிவிடலாம். கெர்னல் செய்திகளை யு.டி.பி. பொட்டலங்களாக, வேறு எண் குறிப்பிடாவிட்டால் 6666-ஆம் போர்ட்டுக்கு, இன்னொரு கணினிக்கு அனுப்புகிறது. இதில் மறைகுறியாக்கம் இல்லை, பொட்டலம் தொலைந்தால் மீண்டும் வராது. நெட்வொர்க் டிரைவரைச் சந்தேகிக்கும்போது இதன் மௌனத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. இருந்தும் இதற்கு ஒரு தனிப்பெரும் பயன் உண்டு. ஊப்ஸ் என்னும் பிழை நேர்ந்தால் கெர்னல் பெரும்பாலும் உடனே சாவதில்லை. ஒரு செயல்முறையைக் கொன்றுவிட்டுத் தொடர்ந்து ஓடி, வேறெங்கோ பிறகு விழுகிறது. கடைசி விழுகையை மட்டும் பார்ப்பவர் தவறான இடத்தில் தோண்டுவார். நெட்கன்சோலோ முதல் ஊப்ஸையே பிடித்து அனுப்பிவிடும். ஊப்ஸ் நேர்ந்ததுமே பேனிக் ஆகுமாறு கெர்னலை அமைத்துவிட்டால், கேடம்ப்பும் அந்த முதல் கணத்தையே பதிவு செய்யும்.

கெர்னல் செய்திகளைச் சீரியல் கம்பி வழியே எழுத்தாக அனுப்பும் சீரியல் கன்சோல் நம்புவது மிக எளிய வன்பொருளை; ஆகவே நெட்வொர்க் எழும் முன்பே, தொடக்கத்திலேயே விழும் சர்வர்களுக்கு இதுவே சரி. நொடிக்கு 115200 பிட் என்ற வேகத்தில் நொடிக்குச் சுமார் 11,520 எழுத்துகளே போகும் என்பதால், செய்திகள் வெள்ளமாய் வரும்போது கெர்னலே அதற்காகக் காத்து நிற்க நேரும். 2011-இல் கெர்னலுக்குள் வந்த பிஸ்டோர், பதிவின் கடைசிப் பகுதியை வன்பொருளிலேயே அமைந்த மென்பொருளான ஃபர்ம்வேரின் சிறிய சேமிப்பில் எழுதி வைக்கும். துணைக்கு வேறு கணினி இல்லாத இடத்தில் உதவும், அவ்வளவே.

சர்வர் விழாமல் உறைந்து நின்றால் இவை பெரும்பாலும் பேசாமலே இருந்துவிடும். அதற்கு லாக்கப் என்னும் அந்த உறைவு நேரும்போது பேனிக் ஆகும்படி கெர்னலைத் தனியே அமைக்க வேண்டும்.

அந்தச் சர்வரில் அன்றே நெட்கன்சோலை ஏற்றினேன். அடுத்து வந்த மறுதொடக்கத்தில் கேடம்ப்பையும் அமைத்தேன். அடுத்த இரண்டு விழுகைகளின் தடங்களுக்கும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லை: ஒன்று கோப்பு முறைமையில், மற்றொன்று நெட்வொர்க் அடுக்கில். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் நிரல் பிழையையும், இடம் மாறி மாறி விழுந்தால் வன்பொருளையும் சந்தேகிக்கலாம். டம்ப்பில், சுழியாக இருக்க வேண்டிய ஒரு சுட்டியில் (நினைவக முகவரியைத் தாங்கும் இடத்தில்) 0000040000000000 என்ற பதினாறடிமான மதிப்பு இருந்தது. 0000000000000020 போன்ற சிறிய எண்ணாக இருந்திருந்தால், வெற்றுச் சுட்டியின் வழியே ஓர் உறுப்பைத் தேடிய நிரல் பிழை என்று கொண்டிருப்பேன். இதிலோ அவ்வளவு உயரத்தில் ஒற்றை பிட் மட்டும் எழுந்து நின்றது. அந்தச் சர்வரில் இருந்தது, பிட் பிழைகளைத் தானே திருத்தும் ஈ.சி.சி. வசதி இல்லாத மெமரி, மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு முழுக்க ஓடவிட்டதில் பழுதான குச்சி அகப்பட்டது.