30 நாள் என்றார்கள், 123 நாள் ஆனது

வீடு விற்றுத் தரும் ஏஜென்சி ஒன்றிடம் எங்கள் வீட்டை ஒப்படைத்திருந்தோம். பெயர் வேண்டாம். முதல் சந்திப்பிலேயே '30 நாளில் முடித்துவிடலாம்' என்றார்கள். அதை நம்பி அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் வரை கொடுத்துவிட்டேன், அது என் தப்பு.

ஆள் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள், அதை மறுக்க முடியாது. நல்ல போட்டோ எடுத்துப் போட்டது, பார்க்க வருகிறவர்களை நேரம் பிரித்து அழைத்து வந்தது, பேரம் பேசியது எல்லாமே சரி. 26வது நாள் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அவர்கள் சொன்ன 30 நாள் இதுவரைக்கும்தானாம்! முழுப் பணம் வந்து சாவி கைமாற அப்புறம் 97 நாள்.

வாங்கியவர் கடன் போட்டு வாங்குகிறார். வங்கி முதலில் அவர் வருமானத்தைப் பார்க்கும், பிறகு தன் மதிப்பீட்டாளரை அனுப்பும், வக்கீல் பத்திரங்களில் வில்லங்கம் இருக்கிறதா என்று பார்ப்பார், எங்காவது ஒன்று நின்றால் எல்லாமே நிற்கும். எங்களுக்கு மதிப்பீட்டில் நின்றது. பேசிய விலையைவிடக் குறைவாகப் போட்டுவிட்டார்கள், கடனும் அதற்கேற்பக் குறைந்தது, மீதியைப் புரட்ட அவருக்கு மூன்று வாரம் பிடித்தது. கையில் ரொக்கம் வைத்திருப்பவர் வந்திருந்தால் இதில் பாதி வேலையே கிடையாது.

எங்கள் பக்கமும் இழுத்தது, மறைக்கவில்லை. எங்கள் வீட்டின் மேலும் கடன் பாக்கி இருந்ததால் மூலப் பத்திரம் வங்கியில். மொத்தமாக அடைக்க எவ்வளவு என்று வங்கி எழுதிக் கொடுக்கும் கணக்கு குறிப்பிட்ட தேதி வரைக்கும்தான் செல்லும், ஏனென்றால் வட்டி நாளுக்கு நாள் ஏறுகிறது. ஏஜென்சி ஆள் சொன்னாரே என்று சீக்கிரமே வாங்கி, அது காலாவதியாகி, மறுபடி விண்ணப்பித்தேன். போதாததற்கு, பத்திரத்தில் பங்கு உள்ள என் தம்பி இருப்பது வெளிநாட்டில். தன் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை, அதாவது பவரை, அவன் எழுதி அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம் போட்டு ஒரு மாதம் கழித்துத்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. கடன் இருக்கிறதா, பத்திரத்தில் எத்தனை பேர் என்ற இரண்டு கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாம். வீட்டுக்கு ஆள் தேடிய அந்த 26 நாளிலேயே இதெல்லாம் முடிந்திருக்கும்.

ஆள் தேடியதற்கு ஐந்துக்கு நாலரை, அதற்குப் பிறகு செய்ததற்கு ஒன்றரை. ஒப்பந்தத்தன்றே கமிஷனை முழுசாக வாங்கிக்கொண்டார்கள், மறுவாரத்திலிருந்து நாலு தடவை அடித்தால் ஒரு தடவை போனை எடுப்பார்கள். இவர்களிடம் போகிறவர்கள் கமிஷனில் பாதியையாவது சாவி கொடுக்கும் நாளுக்கு நிறுத்தி வையுங்கள்.