நுண்முத்திரையா, தோட்டா உறைப் பதிவா?

சுட்டதும் தெறிக்கும் உறையிலிருந்து கைத்துப்பாக்கியை அடையாளம் காண அமெரிக்க மாநிலங்கள் கொண்டுவந்த வழிகள் இரண்டு. துப்பாக்கி உரிமையாளர்கள் இரண்டையுமே எதிர்க்கிறார்கள்.

வேலை செய்யும் விதம்
நுண்முத்திரை: ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஊசி) முனையில் லேசரால் பொறித்த குறியீடு, உறையின் அடியில் உள்ள பிரைமர் என்ற பற்றவைக்கும் மூடியில் பதியும். கலிஃபோர்னியா, 2007.
உறைப் பதிவு: துப்பாக்கி உறையில் விடும் தடத்தைப் பின்னர் ஒப்பிட, விற்பனைக்கு முன்பே சுட்ட மாதிரி உறையை அரசு சேமிக்கும். மேரிலாந்து, 2000.

செலவு
நுண்முத்திரை: சுமை தயாரிப்பாளர் வழியாக வாங்குபவர் தலையில். 2013-இல் விதி நடைமுறைக்கு வந்தபின் தயாரிப்பாளர்கள் அதைப் பொருத்த முன்வராததால் சுமார் பத்தாண்டு கலிஃபோர்னியாவின் விற்பனை அனுமதிப் பட்டியலில் புது செமி-ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும்) மாடல்கள் சேரவில்லை. உரிமையாளர்களின் கோபத்துக்கு முதல் காரணம் இதுதான்; அது நியாயமானதே.
உறைப் பதிவு: அரசுப் பணம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உறைகள் குவிந்தும் பலனில்லாமல் 2015-இல் கைவிட்டார்கள்.

நீடிப்பு
நுண்முத்திரை: ஃபயரிங் பின் மலிவான, மாற்றக்கூடிய பாகம். தேய்ந்தாலோ கரி படிந்தாலோ எழுத்து மங்கும்.
உறைப் பதிவு: பலமுறை சுட்டபின் உலோகத் தடம் மாறலாம், பழைய மாதிரியோடு பொருந்தாமல் போகலாம்.

ரிவால்வர் உறையை வெளியே தள்ளாது; அங்கே இரண்டும் உதவாது. பயிற்சிக் களத்தில் பொறுக்கிய வேறொருவர் உறையைக் குற்றம் நடந்த இடத்தில் போட்டுவிடலாம் என்ற அச்சம் நுண்முத்திரையில் கூடுதல்.

ஆய்வகத்தில் காத்திராமல் உடனடித் துப்பு வேண்டும் காவல்துறைக்கு நுண்முத்திரை பொருந்தும். வாங்குபவரின் விலையும் தேர்வும் முக்கியம் என்றால் உறைப் பதிவே குறைந்த தொல்லை.