நேற்று பாஸ், இன்று ஃபெயில்: சேஜ்மேத் டாக்டெஸ்ட்டோடு பல வருடப் பழக்கம்

கணித மென்பொருளான சேஜ்மேத்தில் கணக்கு மட்டும் போடுபவர்களுக்கு அதன் டெஸ்ட் கருவி கண்ணிலேயே படாது. சோர்ஸிலிருந்து பில்ட் செய்து, சின்னதாக ஒரு திருத்தம் அனுப்பலாமே என்று கிளம்பும் நாளில்தான் அறிமுகமாகும். எனக்கு அது பல வருடப் பழக்கம். அதில் ஒரு தரம் தேறி, அடுத்த தரம் தோற்று, மறுபடி தேறும் டெஸ்டுகளைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 2005-இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய திட்டம் இது. பாரி, கேப், சிங்குலர், மேக்ஸிமா, ஃபிளிண்ட் என்று ஏற்கெனவே இருந்த கணித மென்பொருள்களைப் பைதானால் கோத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஃபங்ஷனின் விளக்கத்திலும் உதாரணம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த உதாரணங்கள்தான் டெஸ்ட், டாக்டெஸ்ட் என்பது இதைத்தான். கருவி அவற்றை இயக்கி, வந்த விடையை எழுதி வைத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். கணிதத்தில் ஒரே கேள்விக்குச் சரியான விடைகள் பல இருக்கலாம். ஐகன் வெக்டரின் குறியை மாற்றினாலும் அது ஐகன் வெக்டர்தான். ஒப்பிடும் கருவிக்கு அதெல்லாம் தெரியாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ரேண்டம் சீட் (தற்செயல் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்). முன்பெல்லாம் அது எப்போதும் பூஜ்யம். அதாவது எத்தனை முறை ஓட்டினாலும் அதே ‘தற்செயல்’ எண்கள். இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது சீட் எடுத்து, ஓட்டத்தின் பதிவான லாக்கின் தொடக்கத்திலேயே அச்சிட்டுவிடுகிறது. இதனால் என்ன வரும் என்று ஒரு உதாரணம். 101-ஆல் வகுத்த மீதிகளை உறுப்புகளாகக் கொண்ட ஒரு 2×2 அணியைத் தற்செயலாக எடு, நேர்மாறு அணியைக் கண்டுபிடி, இரண்டையும் பெருக்கினால் அலகு அணி வருகிறதா பார். பார்வைக்குக் குற்றமில்லாத டெஸ்ட். ஆனால் அப்படி எடுக்கும் அணியின் அணிக்கோவை பூஜ்யமாக இருக்க ஏறக்குறைய நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு. அன்றைக்கு நேர்மாறு கிடையாது, பூஜ்யத்தால் வகுத்தல் என்று பிழை வரும். பழைய முறையில் சீட் பூஜ்யத்துக்கு நல்ல அணி ஒன்று அமைந்துவிட்டால் காலத்துக்கும் பச்சைதான். இப்போது எப்போதாவது ஒருநாள் யாரோ ஒருவரின் திருத்தத்தில் சிவப்பு விழும். அவர் தொட்டதோ சம்பந்தமே இல்லாத கோட்டுருவியல் (கிராஃப் தியரி) ஃபைலாக இருக்கும்!

இதைச் சரிசெய்வது எளிது. அணிக்கோவை பூஜ்யமில்லாத அணி கிடைக்கும்வரை திரும்ப எடுக்கும்படி எழுதினால் போதும். பலர் அதை விட்டுவிட்டு ‘ரேண்டம்’ என்ற குறிப்பை வரியின் ஓரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். ‘விடையைப் பார்க்காதே’ என்பதுதான் அந்தக் குறிப்புக்கு அர்த்தம். விடையைப் பார்க்காத டெஸ்ட் எதற்கு?

தசம எண்களின் கடைசி இலக்கம் ஆடுவது வேறு ரகம். பிராசஸர் மாறினால், நேரியல் கணக்கு போடும் லைப்ரரி மாறினால் பதினாறாம் இலக்கம் மாறத்தான் செய்யும். எவ்வளவு விலகல் சரி என்று சொல்ல ‘ஆப்ஸ் டால்’, ‘ரெல் டால்’ குறிப்புகள் இருக்கின்றன. நன்றாகவே வேலை செய்கின்றன, இதில் எனக்குக் குறை ஏதும் இல்லை.

செட் (வரிசை இல்லாத தொகுப்பு) எந்த வரிசையில் வரும் என்பதுதான் கொஞ்சம் விஷமம். செட்டில் உறுப்புகளின் இடத்தைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு ஹாஷ் என்று பெயர்; பைதான் 3.3 முதல் சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) ஹாஷ் ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறுகிறது. செட்டை லிஸ்ட்டாக மாற்றி முதல் உறுப்பை எடுத்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று வரும். பைதானின் ஹாஷ் சீடைக் கையால் நிலைநிறுத்திப் பார்க்கலாம். ஆனால் நினைவக முகவரியை வைத்து ஹாஷ் போடும் ஆப்ஜெக்ட்டுகளுக்கு அதுவும் பலிக்காது. அங்கே வரிசைப்படுத்தி அச்சிடுவதே வழி.

உண்மையில் என் நேரத்தைத் தின்றவை கடிகாரம் பார்க்கும் டெஸ்டுகள். நீண்ட கணக்கு ஒன்றைத் தொடங்கி, அரை விநாடியில் அலாரம் அடித்து, அது ஒழுங்காக நிற்கிறதா என்று பார்ப்பார்கள். மெதுவான மெஷினில் அலாரத்துக்குப் பிறகும் நிற்க நேரமாகும். வேகமான மெஷின் வாங்கினால் அலாரம் அடிக்கும் முன்பே கணக்கு முடிந்துவிடும், அதுவும் ஃபெயில்தான். அப்புறம் எல்லா கோர்களையும் போட்டு மொத்த டெஸ்டையும் ஓட்டும்போது, பின்னால் தனி ப்ராசஸாக ஓடும் மேக்ஸிமா போன்றவை பதில் தரத் தாமதிக்கும். ஒரு ஃபைலுக்கு இயல்பாக 300 விநாடி, நீண்ட டெஸ்டுகளையும் சேர்த்தால் 1800 விநாடி கெடு. சூடேறிய லேப்டாப்பில் அதையும் தாண்டிவிடும். தனியாக ஓட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி தேறும்.

அதனால் என் வழக்கம் இது: லாகில் இருக்கும் சீடை எடுத்து, அந்த ஃபைலை மட்டும் அதே சீடோடு ஓட்டுவேன். திரும்ப விழுந்தால் பாதி வேலை முடிந்தது, இனி அது சாதாரண பிழைதிருத்தம். விழாவிட்டால், வேண்டுமென்றே மெஷினுக்குச் சுமை ஏற்றி (கர்னல் பில்ட் ஒன்றைப் பக்கத்தில் ஓட விடுவேன்) அதே ஃபைலை லூப்பில் போடுவேன். அப்போது விழுந்தால் நேரப் பிரச்சினை. அப்போதும் விழாவிட்டால் ஹாஷையும் கேஷையும் (முன்பு கணக்கிட்ட விடைகளைச் சேமித்து வைக்கும் இடம்) சந்தேகிப்பேன். ஒரே ஃபைலின் டெஸ்டுகள் ஒரே ப்ராசஸில் ஓடுவதால், முன்னால் ஓடிய உதாரணம் கேஷில் விட்டுப்போனது பின்னால் வருவதைப் பாதிக்கலாம்.

2023-இல் திட்டம் கிட்ஹப்புக்கு மாறியபின், ஏற்கெனவே தெரிந்த தோல்விகளை ஒரு பட்டியலில் வைத்து, அவை விழுந்தால் ‘முன்பே தெரிந்தது’ என்று லாகில் குறிக்கும் வசதியும் பயன்பாட்டில் இருக்கிறது. முதல் திருத்தம் அனுப்புபவர் மிரளாமல் இருக்க நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டியலுக்குள் போனதை யாரும் அவ்வளவாகத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்படி ஒன்று உங்களுக்கு விழுந்து இஷ்யூ (பிழைப் புகார்) போட்டால், கடைசியில் வரும் தோல்வி வரிகளை மட்டும் ஒட்டாதீர்கள். சீட் எண் இருக்கும் வரி, எத்தனை த்ரெட்டில் ஓடியது என்ற வரி இரண்டையும் மேலே போய் எடுத்துச் சேர்த்து ஒட்டுங்கள். டெஸ்ட் ஓடியபோது மெஷினில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதை லாக் சொல்லாது. அதையும் நீங்களே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.