கைக்குழந்தையோடு தென்காசி வரை

மகளுக்கு நான்கு வயது, மகனுக்குப் பத்து மாதம். ஃபிராங்க்பர்ட்டிலிருந்து சென்னை, அங்கிருந்து ரயிலில் தென்காசி. குழந்தைகளோடு ஊருக்குக் கிளம்பும்போது எல்லோரும் விமானத்தை நினைத்துத்தான் பயமுறுத்துகிறார்கள். விமானத்தில் அப்படி ஒன்றும் சிரமம் இல்லை. டிக்கெட் போட்ட கையோடு தொட்டில் கேட்டுவிட வேண்டும். சில வரிசைகளில்தான் அதை மாட்ட முடியும், எடை வரம்பும் உண்டு. இறங்கிய பிறகுதான் நிறைய யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கார். குழந்தை இருக்கையை இங்கிருந்தே கொண்டுபோயிருந்தோம். டாக்ஸியின் பின் சீட்டில் பெல்ட் இருந்தது, அதை மாட்டும் பக்கிளைக் காணோம். ஓட்டுநர் தம்பி, "பின்னாடி யாருமே போடுறதில்லக்கா" என்று சொல்லிக்கொண்டே சீட் கவரைக் கழற்றி, இடுக்கில் கைவிட்டுத் துழாவி அதை வெளியே எடுத்தார். மனம் கோணாமல் செய்தார். ஆனால் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம் என்று 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமே சொல்கிறது. சட்டம் இருக்கும்போது பக்கிள் ஏன் கவருக்கு அடியில் கிடக்க வேண்டும்? வண்டி பேசும்போதே பின் சீட் பெல்ட்டைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

அங்கிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் டிக்கெட் தேவையில்லை. வேண்டுமென்றால் முழுக் கட்டணம். மகளுக்கு முழு டிக்கெட்டே எடுத்தோம், இரவு முழுக்கத் தூங்கினாள். எனக்கு வந்தது மேல் படுக்கை. கீழே இருந்த ஆச்சி நான் கேட்கும் முன்பே, "கைப்பிள்ளக்காரி எப்படிம்மா ஏறி எறங்குவ?" என்று எழுந்துவிட்டார். அவருடைய மகன் மேலே போக, மகனின் கீழ்ப் படுக்கை எனக்கு வந்தது. கர்ப்பிணிகளுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. பிள்ளை பெற்று வளர்ப்பவளுக்கும் அதைக் கொடுக்கலாம். 2022இல் லக்னோ மெயிலில் கீழ்ப் படுக்கையோடு சேர்த்து மடக்கும் குழந்தைப் படுக்கையைச் சோதனையாக வைத்தார்கள். அது எல்லா இரவு ரயில்களுக்கும் வர வேண்டும்.

எனக்கு மிகவும் கோபம் வந்தது ஒரு பேருந்து நிலையத்தில். பாலூட்டும் அறை பூட்டியிருந்தது. சாவி டைம் கீப்பரிடம், அவரோ டீ குடிக்கப் போயிருந்தார். மகன் பசியில் வீறிட்டு அழுகிறான். பக்கத்துக் கடை அக்கா தன் கடைக்குள் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, வாசலில் துண்டைத் தொங்கவிட்டார். பிறகு சாவி வந்து திறந்து பார்த்தால், உள்ளே மின்விசிறி ஓடுகிறது, பெஞ்ச் இருக்கிறது, கூடவே துடைப்பமும் பழைய போர்டுகளும் அடைந்து கிடக்கின்றன. 2015இல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் இந்த அறைகளைத் திறந்தபோது எவ்வளவு பெருமைப்பட்டோம்! அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தாய் சாவி தேடி அலைவாள்? பகல் முழுக்க அந்த அறை திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம்.

ஊருக்குப் போன பிறகு மகளுக்கு வயிற்றுப்போக்கு. தனியார் மருத்துவமனைக்குப் போகலாம் என்றார் மாமா. அம்மா விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு பைசா செலவில்லை. டாக்டர் கண்ணையும் நாக்கையும் பார்த்தார், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். பேதியில் போகும் நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொடிப் பாக்கெட்டும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் கொடுத்தார். நர்ஸம்மா ஒரு லிட்டர் பாட்டிலைக் காட்டி, "ஒரு பாக்கெட் முழுசும் இதுலதான் போடணும், பாதி பாதியா பிரிக்கக்கூடாது. கலக்குனது ஒரு நாளைக்குத்தான்" என்று என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். பேதி நின்றாலும் மாத்திரையை 14 நாளும் கொடுக்கச் சொன்னார்.

இன்னொன்றும் அங்கேதான் சொன்னார்கள். ஜூஸ் டப்பாவில் வருவதையெல்லாம் ஓஆர்எஸ் என்று நம்பி வாங்காதீர்கள், அதில் சர்க்கரை அதிகம். அப்படிப்பட்ட பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை போட்டது. மெடிக்கல் ஷாப்பில் உலக சுகாதார நிறுவனக் கலவை என்று அச்சிட்ட பொடிப் பாக்கெட்டையே கேட்டு வாங்குங்கள்.